முதல் பஞ்சுப் பொம்மை பின்ன எந்தக் குரோஷே கிட் வாங்கலாம்?

சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரையுள்ள இடைவெளியில்தான் கொழும்பில் பல வீடுகளில் குரோஷே ஊசி, அதாவது நூலைக் கொழுவிப் பின்னும் கொக்கி முனை ஊசி, தலைகாட்டுகிறது. பிள்ளை போனில் ஒரு குட்டிப் பென்குயினைக் காட்டி, "அம்மா, இதை நானே பின்னப் போறன், கிட் வாங்கித் தாங்கோ" என்று நிற்கும். டராஸ் இணையக் கடையில் தேடினால், நூலும் ஊசியும் பஞ்சும் ஒன்றாகச் சேர்ந்த கிட் பக்கம் பக்கமாக வருகிறது. கனடாவில் இருக்கும் சித்தி, எல்லோரும் பேசுகிற அந்தப் பெட்டியை அனுப்பட்டுமா என்று கேட்கிறார். புத்தகக் கடையில் பளபளக்கும் பெட்டி ஒன்று இருக்கிறது. அம்மம்மாவோ, "எதுக்கு வீண் காசு, வெள்ளவத்தையில நூலும் ஊசியும் வாங்கினாப் போதும்" என்கிறார். நாலு பேச்சிலும் உண்மை இருக்கிறது. எது உங்கள் பிள்ளைக்குப் பொருந்தும் என்பதுதான் கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொம்மை எவ்வளவு அழகு, பெட்டிக்குள் எத்தனை பொம்மைக்குச் சாமான் இருக்கிறது என்று பார்த்து வாங்கக் கூடாது. பார்க்க வேண்டியவை இரண்டு. அந்த நூலில் பின்னினால் கண்ணி, அதாவது ஊசி போடும் ஒவ்வொரு பின்னலும், கண்ணுக்குத் தெரியுமா? முதல் இரண்டு சுற்றைத் தாண்டப் பிள்ளைக்குத் துணை யார்? இந்த இரண்டுக்கும் நல்ல பதில் இருந்தால் மலிவான கிட்டிலும் பொம்மை வரும். இல்லாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்தாலும் பெட்டி அலுமாரிக்குள் போய்விடும்.

ஏன் முதல் இரண்டு சுற்று என்கிறேன்? இந்தக் குட்டிப் பொம்மைகள் ஜப்பானில் பிறந்த அமிகுருமி முறையில் செய்யப்படுபவை. நூலை அறுக்காமல் வட்டம் வட்டமாக, சுருள் போலப் பின்னிக்கொண்டே போவது. நடுவில் ஒரு வளையம், அதற்குள் 6 கண்ணி. அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் இரண்டு போட்டால் 12. அப்புறம் 18, 24, 30. சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டினால் தட்டை வட்டம் வரும். கூட்டுவதை நிறுத்தி அதே எண்ணிக்கையில் தொடர்ந்தால் வட்டம் கிண்ணமாக எழும். ஆறு ஆறாகக் குறைத்தால் வாய் சுருங்கும், பஞ்சை அடைத்து மூடினால் தலை ரெடி. பென்குயினோ ஆமையோ, கணக்கு இதுதான். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இது விளங்காத கணக்கே இல்லை.

கஷ்டம் எல்லாம் ஆரம்பத்தில். ஆறு கண்ணிச் சுற்று ஒரு சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். வளையம் வழுக்கும், நூலின் வால் எது, பின்ன வேண்டிய நூல் எது என்று குழம்பும். பிடிக்க இடமே இல்லாமல் விரல்கள் தடுமாறும். ஒவ்வொரு கண்ணியின் தலையும் ஆங்கில 'வி' எழுத்தைப் படுக்க வைத்தது போல இருக்கும். அந்த இரண்டு காலுக்கும் அடியால் ஊசி போக வேண்டும். அதைப் பார்க்கத் தெரிந்துவிட்டால் மீதி எல்லாம் கை தானாகப் பழகிக்கொள்ளும். நாலாவது சுற்றுக்கு வந்த பிள்ளை பெரும்பாலும் பொம்மையை முடித்துவிடும். விட்டுவிடுகிற பிள்ளைகள் விடுவது முதல் சுற்றிலும் இரண்டாம் சுற்றிலும்தான்.

எங்கள் தொடர்மாடியில் ஒரு பிள்ளைக்கு வெல்வெட் மாதிரி மெத்தென்ற செனில் நூலில் முயல் செய்யும் கிட் பிறந்தநாள் பரிசாகக் கிடைத்தது. பெட்டியில் இருந்த முயல் கொள்ளை அழகு. ஆனால் அந்த நூலின் மயிர் கண்ணியை முழுதாக மூடிவிடும். அவள் விரலால் தடவித் தடவித் துளை தேடினாள். 12 வர வேண்டிய சுற்றில் 9 வந்தது; அவிழ்த்துப் பின்னினால் 14. செனிலை நாலைந்து தரம் அவிழ்த்தால் மயிர் உதிர்ந்து, உள்ளே ஓடும் மெல்லிய இழை தெரியத் தொடங்கும். "எனக்கு இது வராது ஆன்ட்டி" என்று பெட்டியை மூடி வைத்துவிட்டாள். வெளிர் மஞ்சள் நூல் ஒன்றையும் மூன்றரை மில்லிமீற்றர் ஊசியையும் கையில் கொடுத்து, கண்ணியை எண்ணிக் காட்டியபோது அன்று மாலைக்குள் ஒரு பந்து பின்னிவிட்டாள். கை அதே கைதான். நூல்தான் மாறியது. செனில் நூல் அனுபவமுள்ளவர்களுக்கு நல்ல நூல், பொம்மை பஞ்சு மாதிரி வரும். முதல் பொம்மைக்கு அதை வாங்கிக் கொடுப்பது பிள்ளைக்குச் செய்கிற அநியாயம் என்றே சொல்வேன்.

நிறமும் அப்படித்தான். கறுப்பு, கடும் நீலம், கடும் பழுப்பு வேண்டாம். இரவில் மின்விளக்கின் கீழ் ஒன்றும் தெரியாது. தூய வெள்ளை நம் ஊர் வியர்வையில் இரண்டே நாளில் மங்கிவிடும். வெளிர் மஞ்சள், வெளிர் பச்சை, இளநீலம், பீச், இப்படி ஒரே நிறமாக ஓடும் நூல்தான் சரி. கலர் கலராக மாறி ஓடும் நூல் கண்ணைக் குழப்பும்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சித்தி சொல்கிற பெட்டி பெரும்பாலும் த வூபிள்ஸ் ஆகத்தான் இருக்கும். 2020இல் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம். அவர்கள் செய்த கெட்டிக்காரத்தனம் இரண்டு. ஒன்று, ஆரம்பப் பெட்டிகளில் முதல் சுற்றுகளைத் தாங்களே பின்னி வைத்துவிடுகிறார்கள். பிள்ளை பெட்டியைத் திறந்ததும் பிடிக்க ஒரு துண்டு இருக்கிறது, அதிலிருந்து தொடர்ந்தால் போதும். மெஜிக் ரிங் என்கிற அந்த வழுக்கு வளையத்தைக் கை பழகிய பிறகு கற்றுக்கொள்ளலாம். மற்றது நூல். இழை இழையாகப் பிரியாத, குழாய் போலப் பின்னப்பட்ட நூல். ஊசி நடுவே குத்திக் கிழிக்காது, கண்ணி தெளிவாகத் தெரியும். படிப்படியான வீடியோக்கள் உண்டு, இடதுகைக்காரருக்குத் தனியாகவும் உண்டு. நான் சொன்ன இரண்டு கேள்விக்கும் இதைவிட நல்ல பதில் கொடுத்த கிட் எனக்குத் தெரியாது.

ஆனால் விலை. ஆரம்பப் பெட்டி ஒன்று சுமார் 30 டொலர். டொலர் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே 9000 ரூபாய், அதுவும் ஒரே ஒரு பொம்மைக்கு. இங்கிருந்து ஓடர் பண்ணினால் அனுப்பும் கூலியும் சுங்கத்தில் கட்டுவதும் மேலே ஏறும். இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அந்த விசேஷ நூலில் பழகிய கை, இரண்டாம் பொம்மைக்கு நம் கடை நூலை எடுக்கும்போது கொஞ்சம் தடுமாறும், ஏனென்றால் கடை நூல் பிரியும். அதனால் என் கருத்து இது: லீவுக்கு வரும் உறவினர் பயணப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள். இங்கிருந்து தருவிக்க வேண்டுமென்றால், வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளே இல்லை, பிள்ளையும் சீக்கிரம் மனம் விட்டுவிடும் சுபாவம் என்றால் மட்டும் செய்யுங்கள்.

டராஸில் கிடைப்பவை பெரும்பாலும் சீனாவில் இருந்து வரும் கிட்டுகள். விலை கைக்கு அடக்கம், வகையும் ஏராளம். இவற்றை ஒட்டுமொத்தமாக ஒதுக்க மாட்டேன், நல்லவையும் இருக்கின்றன. படத்தைப் பெரிதாக்கி நூலைப் பாருங்கள்: மயிர் மயிராக இருந்தால் வேண்டாம். மில்க் கொட்டன் என்று போட்டிருந்தால் நல்லது; அது பெரும்பாலும் பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்த மென்மையான நூல், கண்ணி நன்றாகத் தெரியும். அப்புறம், வாங்கியவர்கள் போட்ட படங்களைப் பாருங்கள். விற்பவரின் படத்தில் எல்லாப் பொம்மையும் அழகுதான். வாங்கியவர் வீட்டு மேசையில் உள்ள பொம்மைதான் உண்மை சொல்லும். "ஐந்து பொம்மை கிட்" என்று கண்டால் இரட்டிப்புக் கவனம் தேவை. ஒவ்வொரு நிறத்திலும் துண்டு நூல்தான் வரும். பிள்ளை அவிழ்த்து அவிழ்த்துப் பழக மிச்சம் இராது. முதன்முதலில் பின்னுகிறவருக்கு அவிழ்க்க நூல் வேண்டும், ஐந்து பொம்மை வேண்டாம்.

இந்தக் கிட்டுகளின் பலவீனம் வழிகாட்டல். தாளில் சீன எழுத்தும் குறியீட்டுப் படமும் இருக்கும், இல்லாவிட்டால் இயந்திரம் மொழிபெயர்த்த ஆங்கிலம். கியூஆர் குறியைத் தட்டினால் சில வேளை வீடியோ திறக்கும், சில வேளை திறக்காது. திறந்தால் மொழி விளங்காவிட்டாலும் பரவாயில்லை, கையைப் பார்த்தே பின்னலாம். ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்: சில வீடியோக்களில் நூலை ஊசிக்கு மேலால் சுற்றி இழுப்பார்கள், சிலவற்றில் ஊசியால் நூலை நேரே கொழுவி இழுப்பார்கள். முதலாவதில் கண்ணி 'வி' மாதிரி வரும், இரண்டாவதில் பெருக்கல் அடையாளம் மாதிரி, இன்னும் இறுக்கமாக வரும். இரண்டும் சரி. ஒரே பொம்மையில் இரண்டையும் கலந்தால்தான் உருவம் கோணும்.

புத்தகக் கடைப் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அழகான புத்தகம், உள்ளே பத்துப் பன்னிரண்டு பொம்மைக்கு முறை, ஆனால் சாமான் வழக்கமாக ஒன்றிரண்டு பொம்மைக்குத்தான். பின்னத் தெரிந்த பிள்ளைக்குப் பரிசாகக் கொடுக்கலாம். புதிதாகத் தொடங்குகிற பிள்ளைக்கு அசையாத படத்தைப் பார்த்து மெஜிக் ரிங் பழகுவது பெரும்பாடு.

இன்ஸ்டகிராமில் கொழும்புப் பெண்கள் பலர் தாங்களே பின்னி விற்கிறார்கள். அவர்களில் சிலர் கேட்டால் ஆரம்பக் கிட்டும் கட்டித் தருவார்கள். இந்த வழி எனக்கு மிகவும் பிடிக்கும். காரணம், கிட்டுக்குப் பின்னால் ஒரு மனுசி இருக்கிறார். "முதல் இரண்டு சுற்றைப் பின்னித் தருவீர்களா? பிள்ளை எங்கேயாவது மாட்டிக்கொண்டால் வட்ஸ்அப்பில் படம் அனுப்பிக் கேட்கலாமா?" என்று ஓடர் கொடுக்கும் முன்பே கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால், முப்பது டொலர்ப் பெட்டி தரும் அதே உதவி தமிழிலேயே கிடைக்கிறது. கொஞ்சம் கூடக் கேட்டாலும் கொடுங்கள். ஒரு பிள்ளைக்குக் கையால் ஆரம்பித்துக் கொடுப்பது சும்மா வேலை இல்லை.

அடுத்தது அம்மம்மாவின் வழி: சாமானை நாமே சேர்ப்பது. வீட்டில் பின்னத் தெரிந்த ஒருவர் இருந்தால் இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். வெள்ளவத்தை காலி வீதியில் தையல் சாமான் விற்கும் கடைகளில் விசாரியுங்கள். விலை குறைவாகவும் நிறம் கூடுதலாகவும் வேண்டும் என்றால் 100 அல்லது 101 பஸ் ஏறிப் புறக்கோட்டைக்குப் போய்க் குறுக்குத் தெருக்களில் தேடலாம். ஞாயிற்றுக்கிழமை போனால் பல கடைகள் பூட்டியிருக்கும். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். நிறத்தை அவரே தொட்டுப் பார்த்து எடுக்கட்டும்.

வாங்க வேண்டியது கொஞ்சம்தான். 50 கிராம் நூல் உருண்டை ஒன்று, கையளவுப் பொம்மைக்குப் பிழைத்து அவிழ்க்கவும் சேர்த்துப் போதும். முகத்துக்கும் சொண்டுக்கும் வேறு நிறத்தில் சிறிது. 3 அல்லது 3.5 மி.மீ. அலுமினிய ஊசி ஒன்று, பிடி இறப்பராக இருந்தால் விரல் நோகாது. மொட்டை முனைத் தையல் ஊசி, பஞ்சு, கண். சுற்றின் தொடக்கத்தை அடையாளம் வைக்கக் கிட்டில் கலர் கிளிப் வரும். வீட்டில் உள்ள சேப்டி பின் அதே வேலையைச் செய்யும். இதை மட்டும் வேண்டாம் என்று விடக் கூடாது. சுருளாகப் பின்னும்போது எங்கே சுற்று தொடங்கியது என்பது அனுபவசாலிக்கே தெரியாமல் போகும்.

ஊசி விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நூல் உருண்டையின் லேபிளில் 4 மி.மீ., 5 மி.மீ. என்று போட்டிருக்கும். அது சட்டைக்கும் சால்வைக்கும் சொன்ன அளவு. பொம்மைக்கு அதைவிட ஒன்றிரண்டு அளவு சின்ன ஊசி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கண்ணிகளுக்கு நடுவே பஞ்சு எட்டிப் பார்க்கும். அதற்காக அம்மம்மாவின் டப்பாவில் உள்ள மெல்லிய இரும்பு ஊசியைக் கொடுத்துவிட வேண்டாம். அது மேசை விரிப்புக்கு லேஸ் பின்னிய ஊசி, பொம்மை நூலைப் பிளந்துவிடும். பிளாஸ்டிக் ஊசியும் எனக்கு உடன்பாடில்லை. கொழும்பு வெக்கையில் கை வியர்க்க, அக்ரிலிக் நூல் பிளாஸ்டிக்கில் ஒட்டிக் கிறீச்சிடும். அலுமினியத்தில் வழுக்கிக்கொண்டு போகும். ஒரு கைலேஞ்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

அம்மம்மாவும் பேரப்பிள்ளையும் சேர்ந்து உட்காரும்போது பெயரில் ஒரு சிக்கல் வரும். பிரித்தானிய முறையில் டபிள் குரோஷே என்ற கண்ணியை அமெரிக்க முறையில் சிங்கிள் குரோஷே என்கிறார்கள். இங்கே பழைய தலைமுறையில் பலர் பிரித்தானியப் பெயரில் பழகியவர்கள். யூரியூப்பில் வருவது பெரும்பாலும் அமெரிக்கப் பெயர். வீடியோவில் டபிள் குரோஷே என்று வந்து, அம்மம்மா தனக்குத் தெரிந்த டபிளைப் போட்டால் பொம்மை குட்டையாகிவிடும். பின்னும் முறை எழுதிய தாளின் மேல் எந்த நாட்டுப் பெயர் என்று எழுதியிருக்கும், அதை முதலில் பாருங்கள். எழுதாவிட்டால், சிங்கிள் குரோஷே என்ற சொல் எங்காவது வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அமெரிக்க முறை, ஏனென்றால் பிரித்தானிய முறையில் அப்படி ஒரு பெயர் வழக்கில் இல்லை.

சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத வீட்டிலும் இந்த வழியில் போகலாம், பிள்ளைக்குப் பொறுமை இருந்தால். மெஜிக் ரிங் வராமல் அழுகை வந்தால் அதை விட்டுவிடச் சொல்லுங்கள். இரண்டு சங்கிலிக் கண்ணி போட்டு, ஊசியில் இருந்து இரண்டாவது சங்கிலிக்குள்ளேயே ஆறு கண்ணியையும் போட்டால் வட்டம் தொடங்கிவிடும். நடுவில் சின்னத் துளை ஒன்று மிஞ்சும், வால் நூலால் தைத்து மூடலாம். இன்னொன்று: கிண்ணம் எழும் நேரத்தில் புதியவர்கள் பலர் உட்பக்கத்தை வெளியே வைத்துப் பின்னிக்கொண்டு போவார்கள். 'வி' வடிவங்கள் வெளியே தெரிய வேண்டும். குறுக்குக் கோடுகள் வரிசையாகத் தெரிந்தால் அது உட்பக்கம். தொப்பியைப் புரட்டுவது போலப் புரட்டிவிட்டால் சரி, அவிழ்க்கத் தேவையில்லை.

எந்த வழியில் போனாலும் முதல் உருவத்தைப் பெற்றோரும் சேர்ந்து தெரிவு செய்யுங்கள். கையும் காலும் காதும் தனித்தனியாகப் பின்னித் தைக்கிற கரடி முதல் பொம்மைக்கு ஆகாது. பின்னுவதைவிடத் தைப்பதுதான் பிள்ளைகளுக்குச் சலிப்பு, நேராகவும் வராது. உருண்டையான கோழிக்குஞ்சு, தேனீ, திமிங்கிலம், இவை ஒரே உடம்பு, சின்னச் சின்ன ஒட்டுகள். கண்ணியைக் குறைக்கும் இடத்தில் ஓட்டை விழாமல் இருக்க, இரண்டு கண்ணியின் முன்பக்க நூலை மட்டும் கொழுவிச் சேர்த்துப் பின்னினால் குறைத்த தடமே தெரியாது. இதைக் காட்டித் தரும் கிட் நல்ல கிட்.

பஞ்சுக்கு, தலையணைக்குள் வரும் பொலியெஸ்டர் பஞ்சு நல்லது. இலவம் பஞ்சு வீட்டில் கிடந்தாலும் வேண்டாம். அதன் இழை குட்டை, வழுக்கல், கண்ணி வழியே கசியும், ஒருமுறை நனைந்தால் கட்டிபட்டுவிடும். கண்ணாக வரும் பிளாஸ்டிக் மணிகளுக்குப் பின்னால் ஒரு வில்லை இறுகப் பூட்டப்படும். பூட்டிய பிறகு கழற்ற முடியாது, ஆகவே முகத்தை மூடும் முன் இடம் பார்த்து வைக்க வேண்டும். வீட்டில் 3 வயதுக்குக் குறைந்த தம்பியோ தங்கையோ இருந்தால் அந்த மணியே வேண்டாம். கறுப்பு நூலால் கண்ணைத் தைத்துவிடுங்கள், முகமும் சாந்தமாக வரும்.

ஆக, என் தெரிவு இப்படி. வீட்டில் பின்னத் தெரிந்தவர் இருந்தால் கடைக்குப் போய் நூலும் ஊசியும் வாங்குங்கள். இல்லை என்றால், ஆரம்பித்துக் கொடுத்து, கேட்டால் பதில் சொல்லும் உள்ளூர்க்காரரின் கிட். அதுவும் கிடைக்காமல், வெளிநாட்டில் இருந்து யாராவது வந்தால் அந்தத் தொடங்கி வைத்த பெட்டி. டராஸ் கிட் நாலாவது, அதுவும் மில்க் கொட்டன் நூல், ஒரே பொம்மை, வாங்கியவர்கள் படம் போட்டது என்ற மூன்றும் இருந்தால்.

பிள்ளை இடதுகைக்காரர் என்றால் டராஸ் கிட்டை எடுக்க வேண்டாம், அதில் வரும் வீடியோ அநேகமாக வலதுகைக்கு மட்டும்தான். வலதுகைக்காரர் ஒருவர் சொல்லிக்கொடுப்பதாக இருந்தால் பக்கத்தில் இருக்காமல் நேரெதிரே உட்காருங்கள். கண்ணாடியில் பார்ப்பது போல உங்கள் வலது கை செய்வதை அவருடைய இடது கை அப்படியே செய்யும். எண்ணிக்கையும் சுற்றும் மாறாது, பொம்மை மற்றப் பக்கம் சுழன்று வளரும், அவ்வளவுதான்.